ஆஸ்பிரின் ஆகாதவர்கள்

போன மாதம் ஒரு நாள் காலையில் கீர்த்தனா போனில் ஒரு படம் அனுப்பினாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த பெண் அவள். திருப்பூரில் ஒரு நெஞ்சுநோய் மருத்துவமனையின் மூச்சுப் பரிசோதனை அறைதான் எங்கள் இருவருக்கும் வேலையிடம். யாரோ ஒரு நோயாளி எச்சிலைக் குழாயில் பிடித்து வெளியூருக்கு அனுப்பி வாங்கிய மரபணு அறிக்கை அந்தப் படத்தில் இருந்தது. ஆஸ்பிரின் என்ற வரிக்கு நேராக ஆரஞ்சு நிறத்தில் ஓர் அம்புக்குறி. கீழே அவள் கேட்டிருந்தாள்: "அக்கா, இது இருந்தா இனி நம்ம சேலஞ்ச் டெஸ்ட்டே வேண்டாமான்னு அவரு கேக்கறாரு. நான் என்ன சொல்றது?"

"டாக்டர்கிட்ட கேளு கண்ணு" என்று பதில் போட்டேன். அதுதான் முறை. ஆனால் அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அந்தக் கேள்வியை வேறு வேறு வாய்களில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ரத்தத்திலேயே எழுதியிருக்கிறதா, பிள்ளைக்கும் வருமா, கூடப் பிறந்தவனுக்கு வருமா என்று. அதைப் பற்றி எழுதி வைத்தால் என்ன என்று தோன்றியது. இதில் வருகிற நோயாளிகளின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர்களை மாற்றவில்லை.

நான் அவிநாசிபாளையத்துக்காரி. கோவையில் ஒரு டிப்ளமோ படித்தேன். படிப்பில் கற்றதை விட வேலையில் சேர்ந்த முதல் வருடத்தில் கற்றது அதிகம். என் வேலை, வெளியிலிருந்து பார்த்தால் சிரிப்பாக இருக்கும். மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்து, எதிரில் நின்று கத்துவேன். "இழுங்க, இழுங்க, நல்லா இழுங்க. இப்ப ஊதுங்க. ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்." முதல் விநாடியில் ஒருவர் எவ்வளவு காற்றைத் தள்ளுகிறார் என்பதுதான் எங்களுக்கு வேண்டிய எண். அவர் மனசு வைத்து ஊதாவிட்டால் அந்த எண் பொய் சொல்லும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிள்ளைகள் பனியன் கம்பெனிகளுக்கு வரத் தொடங்கியபோது அதையே இந்தியிலும் கத்தக் கற்றுக்கொண்டேன். நான் நர்ஸ் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் எல்லோருக்கும் நான் சிஸ்டர்தான்.

எங்கள் பெரிய டாக்டர் கிரேஸ் அம்மா. உயரமான, மெலிந்த உருவம். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நோயாளி பேசி முடிக்கும்வரை பேனாவைத் தொடமாட்டார். வெளியே எவ்வளவு கூட்டம் இருந்தாலும் சரி. ஆஸ்துமா என்று வருகிற பெரியவர்களிடம் கட்டாயம் மூன்று கேள்வி கேட்பார். மூக்கு அடைக்குதா? தலைவலி வந்தா என்ன மாத்திரை போடுவீங்க? மூன்றாவது கேள்வியைக் கேட்கும்போது மட்டும் கொஞ்சம் முன்னால் சாய்ந்துகொள்வார். "கடைசியா உங்களுக்கு எப்பங்க வாசம் தெரிஞ்சுது?"

பலர் முழிப்பார்கள். சிலர் யோசித்துவிட்டு, "அட, ஆமாங்க, ரொம்ப நாளா ஒண்ணும் தெரியறதில்லீங்க" என்பார்கள். அப்போது அவர் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். மூக்குக்குள் சதை வளர்ச்சி, பெரிய வயதில் தொடங்கிய ஆஸ்துமா, ஆஸ்பிரின் வகை வலி மாத்திரை போட்டால் மூச்சு முட்டுவது. இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருக்கலாம் என்பதை அந்தப் பார்வையில்தான் நான் கற்றேன்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. "எனக்குத் தெரியாதுங்க" என்பதை, ஒரு மருந்தின் பெயரைச் சொல்வது போலவே சாதாரணமாகச் சொல்வார். புதிதாக வந்த டாக்டர் பையன்களுக்கு அது கூச்சமாக இருக்கும். ஒருவரிடம் அவர் சொன்னது காதில் விழுந்தது. "தெரியாதுன்னு சொன்னா பேஷண்ட் ஓடிருவாங்கன்னு நெனைக்கறீங்க. அதுக்கெல்லாம் ஓடமாட்டாங்க தம்பி. தெரிஞ்ச மாதிரி ஒண்ணைச் சொல்லி, அது பொய்யாப் போனாத்தான் ஓடுவாங்க."

கீர்த்தனா குறிப்பிட்ட அந்தச் சேலஞ்ச் சோதனை, சந்தேகத்தை நேருக்கு நேர் தீர்த்துக்கொள்வது. நோயாளியைப் படுக்கையில் சேர்த்து, கையில் ஊசியைக் குத்தி வைத்து, அவசர மருந்துகளைத் தட்டில் அடுக்கிவிட்டுத்தான் தொடங்குவோம். மருந்தாளர் ஆஸ்பிரினை மிகச் சிறிய அளவிலிருந்து படிப்படியாக கேப்சூலில் நிரப்பித் தருவார். ஒவ்வொன்றுக்கும் பிறகு நான் ஊதச் சொல்லி எண்ணைப் பார்ப்பேன். முதல் நாள் கொடுப்பது எல்லாம் வெறும் கேப்சூல். அது நோயாளிக்குத் தெரியாது. லாரி ஓட்டுகிற ஒருவர் வெறும் கேப்சூலை விழுங்கிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "போச்சுங்க சிஸ்டர், அடைக்குதுங்க" என்றார். ஊதச் சொன்னேன். எண் அசையவே இல்லை. டாக்டரம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிடத் தொடங்கினார். அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் அந்த அடைப்பு போய்விட்டது. பயத்தையும் நோயையும் பிரித்துப் பார்க்கத்தான் அந்த வெறும் கேப்சூல்.

அந்த நாட்களில்தான் சோமனூரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நாச்சிமுத்து, காளிமுத்து. விசைத்தறி போட்டிருந்த அண்ணன் தம்பிகள், இரட்டைப் பிள்ளைகள். அச்சில் வார்த்த மாதிரி இருப்பார்கள். நாச்சிமுத்துவைக் காரின் பின் சீட்டில் கிடத்திக் கொண்டுவந்தபோது உதடு நீலமாக இருந்தது. கண் சிவந்து, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. காளிமுத்து எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். "இடுப்பு வலின்னானுங்க. நான் போடற மாத்திரையைத்தானுங்க குடுத்தேன். எனக்குக் கேக்கறது அவனுக்கும் கேக்குமல்லங்க?"

நாச்சிமுத்து பிழைத்துக்கொண்டார். மூன்றாவது நாள் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். அப்போது டாக்டரம்மா இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசினார். நாச்சிமுத்துவுக்கு நாலைந்து வருடமாக ஆஸ்துமா. மூக்குச் சதையை ஒருமுறை வெட்டி எடுத்திருக்கிறார்கள். வாசம் தெரியாது. காளிமுத்துவுக்கு அதில் ஒன்றுகூட இல்லை. வருடக்கணக்காக அதே மாத்திரையைப் போட்டுத் தறி ஓட்டுகிறார். இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள்தான் என்பது பிறகு ரத்தப் பரிசோதனையிலும் உறுதியானது.

"அப்ப எனக்கு மட்டும் ஏனுங்க?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

டாக்டரம்மா மேசை மேலிருந்த காகிதத்தில் ஒரு வாய்க்கால் வரைந்தார். அது ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. "உடம்புக்குள்ள ஒரு பொருள் இப்படி ரெண்டு வழியாப் போகுதுங்க. ஆஸ்பிரின் போய் இந்த மதகை அடைச்சிடும். எல்லாருக்கும் அடைக்கும், அதனாலதான் வலி போகுது. உங்க உடம்புல அப்படி அடைச்சா, அடுத்த வாய்க்கால்ல மடை ஒடைஞ்ச மாதிரி பாயுது. அங்க உண்டாகற சரக்குதான் மூச்சுக்குழாயைப் போட்டு நெரிக்குது." அந்தச் சரக்கின் பெயர் லூக்கோட்ரையீன். அந்தப் பெயரை அவர் அவர்களிடம் சொல்லவில்லை. பிறகு என்னிடம் சொன்னார்.

"அது பொறப்புலயே வந்ததுங்களா?"

"கொஞ்சம் இருக்கலாம். அந்தச் சரக்கைச் செய்யற மரபணுவுலயும், நோய் எதிர்ப்புல வேலை செய்யற மரபணுவுலயும் சில எழுத்து மாறியிருக்கறதை சில ஊர்க்காரங்ககிட்ட பாத்திருக்காங்க. வேற ஊர்ல தேடினா அது கெடைக்கல. அந்த மாத்தம் இருந்தும் ஒண்ணும் ஆகாதவங்கதான் நெறைய. உங்க ரெண்டு பேருக்கும் எழுத்து ஒண்ணுதானுங்களே, ஒருத்தருக்கு வந்துச்சு, ஒருத்தருக்கு வரலையே. மிச்சம் எதனாலன்னு எனக்குத் தெரியாதுங்க. இன்னும் யாருக்குமே சரியாத் தெரியாது."

காளிமுத்து அழுதுவிட்டார். பெரிய மீசை வைத்த ஆள். "நான் அவனுக்கு மாத்திரை குடுத்தது தப்பில்லீங்களா?" என்று கேட்டார். "தப்பில்லீங்க. ஆனா இனிமேல் உங்க மாத்திரை உங்களுக்கு மட்டும்" என்றார் டாக்டரம்மா. அதன் பிறகு நாச்சிமுத்து பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் தம்பியும் கூடவே வந்து, தன்னையும் ஊத வைத்துப் பார்க்கச் சொல்வார். அவருடைய எண் எப்போதும் என்னுடையதை விட நன்றாகவே இருக்கும்.

ரஹ்மத் எங்களிடம் வந்தது அதற்கெல்லாம் வெகுநாள் கழித்து. ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்கு சூப்பர்வைசர். தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாம் பார்த்துத் தள்ளுகிற இடம். கணவர் இறந்த பிறகு ஒரே மகள் நஸ்ரினை அந்தச் சம்பளத்தில்தான் படிக்க வைத்தார். பல் வலிக்கு யாரோ கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு மெஷின் சத்தத்துக்கு நடுவில் மயங்கி விழுந்து எங்களிடம் வந்தவர். அவருக்கும் அந்த மூன்று சங்கதிகளும் இருந்தன. ஆஸ்பிரினும் அந்த வகை வலி மாத்திரைகளும் ஆகாது என்று சொல்லி அனுப்பினோம். ஒழுங்காக இன்ஹேலர் எடுத்துக்கொண்டு வருடத்துக்கு இரண்டு தடவை என் முன்னால் உட்கார்ந்து ஊதிவிட்டுப் போவார். சிரித்த முகம். என் கத்தலைக் கேட்டு, "எங்க லைன்ல உங்களை சூப்பர்வைசராப் போட்டா புரொடக்‌ஷன் பிச்சுக்கும் சிஸ்டர்" என்பார்.

சில வருடம் கழித்து அவருக்கு மாடிப்படி ஏறினால் நெஞ்சு வலிக்க ஆரம்பித்தது. கோவையில் பார்த்ததில் இருதய ரத்தக் குழாயில் ஓர் அடைப்பு. ஸ்டென்ட் வைக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்தால், அதில் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் சாப்பிட்டாக வேண்டும். எந்த மாத்திரை அவரைக் கொல்லப் பார்த்ததோ அதே மாத்திரை. இருதய டாக்டர் அவரை எங்களிடம் திருப்பி அனுப்பினார். முதலில் இவர் உடம்பை ஆஸ்பிரினுக்குப் பழக்கித் தாருங்கள், பிறகு ஸ்டென்ட் வைக்கிறேன் என்று.

பழக்க முடியும். ஒவ்வாமை வருகிற அளவையே திரும்பத் திரும்பக் கொடுத்துத் தாண்ட வைத்துவிட்டால் உடம்பு அதை ஏற்றுக்கொள்ளும். பிறகு தினமும் விடாமல் சாப்பிட வேண்டும். சில நாள் விட்டால் பழகியது போய்விடும். டாக்டரம்மா இதை ஏற்கெனவே சிலருக்குச் செய்திருந்தார். ஆனால் அவர்கள் யாருக்கும் இருதயத்தில் அடைப்பு இல்லை. மூச்சு முட்டி நிலைமை கைமீறினால் நாங்கள் போடுகிற அட்ரினலின் ஊசி, ரஹ்மத்தின் இருதயத்துக்கே ஆபத்தாகலாம். அதைச் செய்வதா வேண்டாமா என்று அவர் இரண்டு நாள் யோசித்தார். பிறகு செய்யலாம் என்று முடிவெடுத்தார். மூச்சை மருந்தால் நன்றாகச் சீராக்கிய பிறகு, தீவிர சிகிச்சை அறையில், இருதய டாக்டர் ஒருவர் கூட இருக்கும்போது.

ரஹ்மத் முடியாது என்றார்.

"நஸ்ரினுக்கு வெள்ளகோவில்ல ஒரு எடம் பேசி முடிச்சிருக்கோமுங்க டாக்டரம்மா. ஜவுளிக்கடைக்காரங்க. நல்ல ஜனங்க. இப்ப நான் போய் ஐ.சி.யூ.ல படுத்தா, எதுக்குன்னு கேப்பாங்க. மாத்திரை ஒத்துக்காத பரம்பரைன்னு ஒரு பேச்சு கெளம்பினாப் போதும். கல்யாணம் முடியட்டுங்க. அப்புறம் என்னை என்ன வேணாலும் பண்ணிக்குங்க."

கல்யாணத்துக்கு நாலு மாதம் இருந்தது. அத்தனை நாள் தள்ளுவது சரியில்லை என்று இருதய டாக்டர் எழுதியிருந்தார். டாக்டரம்மா அதைப் படித்துக் காட்டினார். ரஹ்மத் முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "எம்பொண்ணுக்கு ஒரு டெஸ்ட் எடுத்து, அவளுக்கு இது வராதுன்னு எழுதிக் குடுங்க. அந்தக் காயிதம் கையில இருந்தா நாளைக்கே வந்து படுத்துக்கறேன்" என்றார்.

"அப்படி ஒரு டெஸ்ட் இல்லீங்க ரஹ்மத்."

"மரபணுவுல எல்லாம் பாக்கறாங்கன்னு சொல்றாங்களே?"

"பாக்கலாம். பாத்தா, இருக்கலாம் இல்லாமலும் இருக்கலாம்னுதான் வரும். அதை வெச்சு வராதுன்னு எழுதினா நான் பொய் எழுதினவ ஆயிருவேன்."

ரஹ்மத் எழுந்து போய்விட்டார். எனக்கு அன்று டாக்டரம்மா மேல் கொஞ்சம் வருத்தம். ஓர் உயிர் போகிற காரியம், ஒரு வரி எழுதிக் கொடுத்தால் என்ன என்று நினைத்தேன். அவரிடம் அதைச் சொன்னேன். அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு ஒரு தும்மல் வந்தாக்கூட அந்தக் காயிதத்தை எடுத்துட்டு வருவாங்க மதி. அப்ப அவ நெலமையை யோசிச்சுப் பாரு" என்றார்.

மறுவாரம் நஸ்ரின் தனியாக வந்தாள். கணக்காளர் வேலைக்குப் போகிற பெண், துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு என் அறை வாசலில் நின்றாள். அம்மா மறைத்ததை இருதய மருத்துவமனையிலிருந்து வந்த போனில் தெரிந்துகொண்டிருந்தாள். முதலில் தன்னை ஊத வைத்துப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். எந்தக் குறையும் இல்லை. மூக்கும் சுத்தம். டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வலி மாத்திரை போட்டிருக்கியா கண்ணு?" என்றார். மாதாமாதம் வயிற்று வலிக்குப் போடுவதாகச் சொன்னாள். என்ன மாத்திரை என்று கேட்டதில், அவள் அம்மாவுக்கு ஆகாத அதே வகைதான். அவளுக்கு இன்றுவரை ஒன்றும் ஆனதில்லை.

"இன்னிக்கு உனக்கு இல்லை. அதை என்னால உறுதியாச் சொல்ல முடியும். பெத்தவங்ககிட்ட இருந்து பிள்ளைக்கு வர்றது இதுல அபூர்வம். அதையும் சொல்ல முடியும். பத்து வருசம் கழிச்சு என்னன்னு மட்டும் சொல்ல முடியாது."

நஸ்ரின் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பிறகு, "இது போதுங்க. நானே அவங்ககிட்ட சொல்லிடறேன். மறைச்சுக் கட்டிட்டுப் போயி, தினமும் பயந்துட்டு இருக்கறதுக்கு இது தேவலை" என்று சொல்லிவிட்டு, வராந்தாவுக்குப் போய் அங்கேயே போனை எடுத்தாள். என்ன பேசினாள் என்று எனக்குக் கேட்கவில்லை. முதுகைத்தான் பார்த்தேன். நிமிர்ந்து நின்று பேசினாள்.

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளையின் அம்மா வந்தார். பெயர் ஜமீலா. கனத்த உடம்பு, கண்ணாடி, பேச்சில் கடைக்காரியின் தெளிவு. கூடவே ரஹ்மத்தும் வந்திருந்தார், முகம் செத்து. மகள் மேல் கோபம் அடங்கவில்லை என்பது தெரிந்தது. டாக்டரம்மா முதலில் ரஹ்மத்தைப் பார்த்து, "உங்க விசயத்தை இவங்க முன்னால நான் பேசலாமுங்களா?" என்று கேட்டார். ரஹ்மத் தலையசைத்தார். அதற்குப் பிறகுதான் ஜமீலா பக்கம் திரும்பினார்.

ஜமீலா சுற்றி வளைக்கவில்லை. "என்ற ஊட்டுக்கு வர்ற புள்ளைக்கு இது வருமுங்களா, வராதுங்களா? எனக்கு ஒரே வார்த்தைல சொல்லிப் போடுங்க."

"தெரியாதுங்க."

ஜமீலா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவரையே பார்த்தார்.

"அந்தப் பொண்ணுக்கு இன்னிக்கு இல்லை" என்றார் டாக்டரம்மா. "நாளைக்கு வர்றதுக்கும் வாய்ப்பு ரொம்பக் கம்மி. ஆனா வராதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. உங்க மகனுக்கு வராதுன்னும் பண்ண முடியாது. உங்க குடும்பத்துல இது யாருக்கும் இல்லைன்னு நீங்க சொல்லலாம். இங்க இந்த நோயோட வந்தவங்க பெரும்பாலும் அப்படிச் சொன்னவங்கதான்."

"ரத்தத்துல இருந்தா வந்துதானுங்களே ஆகணும்?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். ஊரையும் பெயரையும் சொல்லாமல் அந்த இரட்டையர்களைப் பற்றி நான் சொன்னேன். ஒரே முகம், ஒரே ரத்தம், ஒரே மாத்திரை. ஒருவர் உயிருக்குப் போராடினார், இன்னொருவர் இன்றும் அதே மாத்திரையைச் சாப்பிடுகிறார். ஜமீலா இடையில் பேசாமல் கேட்டார். முடிந்ததும், "ரெண்டு பேரும் ஒரே ஊட்டுல இருக்கறாங்களா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். எதையோ யோசித்துவிட்டு, ரஹ்மத்திடம் திரும்பினார்.

"ஏனுங்க, நெஞ்சுக்கு எப்ப ஆபரேசன்?"

"கல்யாணம் முடிஞ்சுதானுங்க" என்றார் ரஹ்மத்.

"மொதல்ல அதைப் பாருங்க" என்று சொல்லி ஜமீலா எழுந்துவிட்டார். சம்மதமா இல்லையா என்பது எங்களில் யாருக்கும் புரியவில்லை. அவர் போன பிறகு ரஹ்மத் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். "முடிஞ்சுதுங்க. அவங்க வரமாட்டாங்க" என்றார். பிறகு அவராகவே, "சரி, எப்ப வந்து படுக்கறது?" என்று கேட்டார். இழக்க இனி ஒன்றும் இல்லை என்று நினைத்துத்தான் சம்மதித்தார்.

மூச்சைச் சீராக்கி, ரஹ்மத்தைத் தீவிர சிகிச்சை அறையில் சேர்த்த அந்தக் காலையை நான் மறக்க மாட்டேன். சிறிய அளவிலிருந்து தொடங்கினோம். ஒவ்வொரு அளவுக்குப் பிறகும் காத்திருந்து ஊதச் சொல்வேன். ஒவ்வொரு முறையும் ஊதும்முன் இருதய டாக்டர் திரையைப் பார்த்துத் தலையசைப்பார். முதல் இரண்டு அளவுகளில் ஒன்றும் இல்லை. மூன்றாவதற்குப் பிறகு ரஹ்மத் மூக்கைத் தேய்த்தார். கண்ணில் நீர் வந்தது. "சிஸ்டர், ஏறுது" என்றார். ஊதச் சொன்னேன். எண் கால் பங்குக்கு மேல் இறங்கிவிட்டது. நெஞ்சில் காது வைக்காமலே விசில் சத்தம் கேட்டது.

டாக்டரம்மா நெபுலைசரைப் பொருத்தினார். அட்ரினலின் ஊசி தட்டில் தயாராக இருந்தது. அவர் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார், போடவில்லை. இன்னொரு கையால் ரஹ்மத்தின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மெதுவா விடுங்க. அவசரமே இல்லை. நான் எங்கேயும் போகல" என்று அதே குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்படி எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. எனக்கு மிக நீளமாக இருந்தது. திரையில் இருதயத் துடிப்பு வேகமாக ஓடிற்று, ஆனால் தடம் மாறவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அந்த விசில் இறங்கியது. அவர் ஊசியைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

எண் பழைய இடத்துக்கு வந்த பிறகு, அதே அளவை மறுபடியும் கொடுக்க வேண்டும். முறையே அதுதான். சற்றுமுன் தன்னை நெரித்ததை ஒருவர் மறுபடி வாங்கி வாயில் போட வேண்டும். ரஹ்மத் கேப்சூலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். "மறுபடியும் வந்தா?" என்றார். "வந்தா மறுபடியும் பாப்போம்" என்றார் டாக்டரம்மா. ரஹ்மத் பிஸ்மி சொல்லி விழுங்கினார்.

ஊதினார். எண் லேசாக இறங்கி நின்றது. அடுத்த அளவு. இறங்கவே இல்லை. மறுநாள் மதியம் முழு மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு, "இவ்வளவுதானா?" என்பது போல எங்களைப் பார்த்தார்.

அவர் தேறிவிட்டார் என்று நஸ்ரினிடம் சொல்ல நான்தான் வெளியே போனேன். வராந்தா பெஞ்சில் அவள் பக்கத்தில் ஜமீலா உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் காலையே வெள்ளகோவிலிலிருந்து பஸ் ஏறி வந்தவர், போகவே இல்லையாம். காலுக்குப் பக்கத்தில் கஞ்சி பிளாஸ்க் இருந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் நஸ்ரின் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஜமீலா அவள் முதுகைத் தட்டி, "அழுகாத கண்ணு. உங்கம்மா தாண்டி வந்துட்டா. போயி இந்தக் கஞ்சியைக் குடு" என்றார். கல்யாணம் நிற்கவில்லை என்பதை யாரும் யாருக்கும் தனியாகச் சொல்லவில்லை.

ஸ்டென்ட் நல்லபடியாக வைத்தார்கள். சில வாரம் கழித்து ரஹ்மத் பரிசோதனைக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து மூக்கு கிளிப்பைக் கையில் வாங்கியவர், மாட்டாமல் நிறுத்திவிட்டு நாலா பக்கமும் பார்த்தார். "சிஸ்டர், இந்த ரூம்ல எப்பவும் ஸ்பிரிட் வாசம் அடிக்குமா?" என்றார். ஆமாம், எப்பவுமே என்றேன். அவர் கிளிப்பை மடியில் வைத்துக்கொண்டு அந்த வாசத்தை இழுத்து இழுத்துப் பார்த்தார். தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிற சிலருக்கு இப்படி வாசம் திரும்பும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எல்லோருக்கும் இல்லை. அன்று அவரை ஊத வைக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. கஞ்சி போட்ட துணிக்கும் போடாத துணிக்கும் வாசம் வேறு, கம்பெனியில் இஸ்திரி போடுகிற பக்கம் போய் வேண்டுமென்றே நின்றேன், மகள் தலையில் எண்ணெய் வாசம் என்று பேசிக்கொண்டே இருந்தார்.

என் வேலையில் எனக்குத் தீராத குறை என்று எதுவும் இல்லை. மூச்சு திரும்பாதவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து பார்த்ததில் திரும்பியவர்களே அதிகம்.

கல்யாணத்துக்கு டாக்டரம்மாவும் நானும் போயிருந்தோம். சாப்பாட்டு நேரம். ரஹ்மத் பந்திக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். வந்த எல்லோரையும் சாப்பிட்டீங்களா என்று கேட்டுக்கொண்டிருந்தவரை ஜமீலா கையைப் பிடித்து இழுத்து எங்கள் எதிரில் உட்கார வைத்தார். இலை போட்டு, பக்கத்திலேயே நின்று சாப்பிட வைத்தார். அவர் கை கழுவ எழுந்ததும், "மாத்திரை?" என்றார்.

"பை மாடில இருக்குதுங்க சம்பந்தி. அப்புறமாப் போயிப் போட்டுக்கறேன்."

"அந்த அப்புறமெல்லாம் வேண்டாம்" என்று ஜமீலா தன் பட்டுச் சேலை இடுப்பில் செருகியிருந்த பர்ஸைத் திறந்தார். உள்ளே ஓர் ஆஸ்பிரின் அட்டை இருந்தது. "நானும் ஒரு அட்டை வாங்கி வெச்சிருக்கறனுங்க. நடுவுல உட்டா மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணுமாமே, நஸ்ரின் சொன்னா" என்று ஒன்றைப் பிதுக்கி ரஹ்மத்தின் உள்ளங்கையில் வைத்து, தண்ணீர் டம்ளரை நீட்டினார். விழுங்கும்வரை அந்த இடத்தை விட்டு அசையவில்லை.